வறட்சியில் கன்றை முன்கூட்டியே பிரிப்பது ஏன்?

2018 ஆகஸ்டில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் முழுவதும், ஒரு மூலை பாக்கியில்லாமல், வறட்சியின் பிடியில் இருப்பதாக அந்த மாநில அரசு அறிவித்தது. அடுத்த ஆண்டு நிலைமை இன்னும் மோசமானது. 2019இல் ஆஸ்திரேலியா முழுமைக்கும் சேர்த்துப் பார்த்தால் சராசரி மழை 277 மில்லிமீட்டர்தான். 1900இலிருந்து உள்ள பதிவுகளில் அவ்வளவு குறைவாக மழை பெய்த ஆண்டு வேறில்லை. செய்திகளில் தினமும் ஒரே மாதிரிப் படங்கள்: வெடித்த குளங்கள், விலா தெரியும் மாடுகள், மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து நல்லர்பார் சமவெளியைக் கடந்து வரிசையாக வரும் உலர்புல் லாரிகள்.

லாரிகளைப் பார்த்தவர்கள் வறட்சி என்றால் தீவனப் பற்றாக்குறை, தீவனம் வந்துவிட்டால் மாடு பிழைத்துவிடும் என்று நினைத்திருப்பார்கள். பாதி உண்மைதான். ஆனால் லாரி வந்து நிற்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அந்தப் பண்ணை எந்தப் பக்கம் சாயும் என்பது பெரும்பாலும் முடிவாகியிருக்கும். அந்த முடிவுகளில் முதன்மையானது, கன்றுகளைத் தாயிடமிருந்து எப்போது பிரிப்பது என்பது. வறட்சியில் ஒரு பண்ணையாளர் கையில் இருக்கும் மிக மலிவான தீவனத் திட்டம் இதுதான் என்பது என் கருத்து. ஆனால் வெளியில் அதிகம் பேசப்படுவதில்லை. புல் கட்டுகளைப் படம் பிடிப்பது சுலபம். பட்டியில் கன்றுகள் கத்திக்கொண்டு நிற்பதைக் காட்டினால் யாருக்கும் பிடிக்காது.

முதலில் ஒரு அடிப்படை வேறுபாடு. நம் ஊரில் பசு என்றால் கறவைதான் நினைவுக்கு வரும். ஆஸ்திரேலியாவின் இறைச்சி மாட்டுப் பண்ணைகளில் யாரும் பால் கறப்பதில்லை. கன்று தாயோடு மேய்ச்சல் நிலத்திலேயே திரியும், முழுப் பாலையும் அதுவே குடிக்கும். மழை சரியாகப் பெய்யும் ஆண்டுகளில் தென்பகுதிப் பண்ணைகளில் ஏழு முதல் ஒன்பது மாத வயதில் கன்றைப் பிரிப்பார்கள். அப்போது அது 200 கிலோவைத் தாண்டி நிற்கும், புல்லை மட்டுமே நம்பி வாழக்கூடிய பருவம். குவீன்ஸ்லாந்தின் வடபகுதியில் பண்ணைகள் பரந்து கிடப்பதால் ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு முறைதான் மந்தையை ஒன்று திரட்ட முடியும். ஹெலிகாப்டரும் மோட்டார் சைக்கிளும் குதிரையுமாகத் திரட்டுவார்கள். கன்று பிரிப்பும் அந்தத் திரட்டலோடு சேர்ந்தே நடக்கும்.

வறட்சியில் இந்தக் காலக்கணக்கு செல்லாது. ஏன் என்று புரிய, பசுவின் உடலுக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

450, 500 கிலோ எடையுள்ள, பால் வற்றிய, நடுச் சினையில் இருக்கும் ஒரு பசு தன் எடையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு நாளைக்குச் சுமார் 60 முதல் 70 மெகாஜூல் ஆற்றல் போதும். அதே பசு மூன்று மாதக் கன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தால் தேவை 100ஐ ஒட்டிப் போய்விடும், நன்றாகச் சுரக்கும் பசுவுக்கு அதைத் தாண்டும். ஒரு லிட்டர் பால் சுரக்க ஏறக்குறைய 5 மெகாஜூல் செலவாகிறது. அந்த ஒரு லிட்டரில் கன்றுக்குப் போய்ச் சேருவது 3 மெகாஜூல் அளவுதான். மீதி வழியிலேயே போய்விடுகிறது. புல் செழிப்பாக இருக்கும்போது இந்த இழப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, புல் சும்மா முளைக்கிறதே. ஆனால் டன் 300 டாலரைத் தாண்டிய விலையில் உலர்புல் வாங்கிப் போடும்போது, வாங்கிய தீவனத்தைப் பசுவின் வயிற்றின் வழியாகப் பாலாக்கிக் கன்றுக்குக் கொடுப்பது எவ்வளவு பெரிய வீண் என்று தெரியும்.

தீவனம் போதாவிட்டால் பசு உடனே பாலை நிறுத்துவதில்லை. தன் கொழுப்பைக் கரைக்கும், பிறகு தசையைக் கரைக்கும். கன்று மடியை முட்ட முட்ட உடம்பு கரைந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் பாலும் குறைந்துவிடும். அப்போது தாயும் தேய்ந்திருக்கும், கன்றும் வளராமல் நிற்கும். தாயோடு இருக்கட்டும், பாவம் என்று விட்டு வைத்ததில் இரண்டுக்கும் நன்மையில்லாமல் போய்விடும்.

200 பசுக்கள் உள்ள பண்ணையை எடுத்துக்கொள்வோம். கன்றுகளைப் பிரித்ததும் ஒவ்வொரு பசுவுக்கும் 35 மெகாஜூல் மிச்சம் என்றால் மொத்தம் 7,000. சுமாரான தரமுள்ள உலர்புல் ஒரு கிலோவில் 7 மெகாஜூல் கிடைக்கும் என்று வைத்தால், அது நாளுக்கு ஒரு டன் புல். சரி, பிரித்த கன்றுகளுக்குத் தனியாகத் தீவனம் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், அதுவும் விலை கூடிய தீவனமாக. 120 கிலோக் கன்று நாளுக்கு இரண்டரை, மூன்று கிலோ நல்ல கலப்புத் தீவனம் தின்னும். அந்தச் செலவையும் சேர்த்தால் மிச்சப்பட்ட பணத்தில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். இதைப் பார்த்துவிட்டுச் சிலர், அப்படியானால் எதற்கு இந்தப் பாடு என்று விட்டுவிடுகிறார்கள். முன்கூட்டியே பிரிப்பதன் பலன் அந்த மாதத் தீவனச் சீட்டில் தெரியாது. அது பசுவின் உடம்பில் தெரியும், அடுத்த ஆண்டு கன்று எண்ணிக்கையில் தெரியும்.

பசுவின் சினைக்காலம் சுமார் 283 நாள். வருடத்துக்கு ஒரு கன்று வேண்டுமானால் ஈன்ற 82 நாளுக்குள் அது மறுபடியும் சினை பிடித்தாக வேண்டும். உடம்பு தேறாத பசு பருவத்துக்கே வராது. கன்று மடியைச் சப்பிக்கொண்டே இருப்பதும் பருவம் வருவதைத் தள்ளிப்போடும் ஒரு காரணம். திமில் உள்ள இனங்களில் இந்தப் பாதிப்பு கூடுதல். வட ஆஸ்திரேலியா முழுக்க இன்று நிற்பது பெரும்பாலும் பிராமன் இனமும் அதன் கலப்புகளும்தான். இந்தியாவின் ஓங்கோல், கிர், காங்க்ரேஜ் மாடுகளின் வழித்தோன்றலாக அமெரிக்காவில் உருவாகி, 1933இல் டெக்சாஸிலிருந்து குவீன்ஸ்லாந்துக்கு வந்த இனம். வெயிலையும் உண்ணியையும் தாங்கும், மட்டமான புல்லிலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் கன்று கூடவே இருந்து, உடம்பும் மெலிந்துவிட்டால் அந்த ஆண்டு சினை பிடிக்காமல் நின்றுவிடும். ஆகவே அங்கே கன்றைப் பிரிப்பது என்பது ஒரு ஆண்டு வருமானத்தைக் காப்பாற்றும் வேலை.

பிரிக்கும் நாளைக் கன்றின் வயதை வைத்து முடிவு செய்யக்கூடாது. தாயின் முதுகைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஆஸ்திரேலியாவில் உடல் நிலைக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடும் முறை வழக்கத்தில் இருக்கிறது. மாட்டை ஒடுக்கு வழியில் நிறுத்தி, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, முதுகெலும்பிலிருந்து பக்கவாட்டில் நீண்டிருக்கும் குறுக்கெலும்புகளின் மேல் கையை வைத்து அழுத்துவார்கள். எலும்பின் நுனி கூர்மையாக, தோலுக்கு அடியில் ஒன்றுமே இல்லாததுபோல் குத்தினால் அது 1. விரலால் அழுத்தினால் ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாகத் தெரிந்து, நுனி மட்டும் கொஞ்சம் உருண்டிருந்தால் 2. நன்றாக அழுத்தினால்தான் எலும்பே தட்டுப்படும் என்றால் 3. வால் அடியிலும் இதே சோதனை. குளிர்கால ரோமம் அடர்ந்திருந்தால் கண் ஏமாற்றிவிடும், கை ஏமாற்றாது. மந்தை 3இலிருந்து 2ஐ நோக்கி இறங்கத் தொடங்கும்போதே கன்றைப் பிரித்துவிட வேண்டும். 2க்குக் கீழே போன பிறகு பிரித்தால் பசு செத்துப்போகாமல் இருக்கலாம், அடுத்த சினை பெரும்பாலும் கைவிட்டுப் போயிருக்கும். இறங்கிய எடையை மறுபடி ஏற்றுவதற்கு ஆகும் தீவனம், இறங்காமல் காப்பதற்கு ஆகும் தீவனத்தைவிட எப்போதும் அதிகம்.

எவ்வளவு சிறிய கன்றைப் பிரிக்கலாம்? பிறந்தபோது கன்றின் பெருவயிறு வேலை செய்வதில்லை. குடிக்கும் பால் நேராக நான்காம் வயிற்றுக்குப் போகிறது. புல்லையும் தானியத்தையும் கொறிக்கத் தொடங்கிய பிறகுதான் பெருவயிற்றில் நுண்ணுயிர்கள் குடியேறி அது வளரும். மூன்று மாதத்தில் அது ஓரளவு தயாராகிவிடும். ஆகவே மூன்று மாதம், 100 கிலோ அளவில் உள்ள கன்றைத் தைரியமாகப் பிரிக்கலாம். இரண்டு மாதக் கன்றைக்கூடப் பிரிக்க முடியும், ஆனால் அதற்கு மிக நல்ல தீவனமும் தினமும் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். 60 கிலோவுக்கும் குறைவான கன்றுக்குப் பால் தூள் கரைத்துக் கொடுத்தே ஆக வேண்டும். அது செலவும் பிடிக்கும், ஆளையும் தின்னும். தாய் இறக்கும் நிலைக்குப் போகாத வரை அவ்வளவு சிறியதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

பிரித்த கன்றின் தீவனத்தில் கவனிக்க வேண்டியது புரதம். 100 கிலோவுக்குக் குறைந்த கன்றின் தீவனத்தில் 16 முதல் 18 சதவீதம் புரதம் இருக்க வேண்டும். வளர வளர 14க்கு இறக்கலாம். ஆற்றலும் செறிவாக இருக்க வேண்டும், ஏனென்றால் வயிறு சிறியது. மட்டமான புல்லை எவ்வளவு கொட்டினாலும் அது வயிற்றை நிரப்புமே தவிர உடம்பில் ஒட்டாது. பெரிய மாட்டுக்குப் புரதத்துக்குப் பதிலாக யூரியா கொடுக்கலாம், பெருவயிற்று நுண்ணுயிர்கள் அதைப் புரதமாக்கிக்கொள்ளும். சின்னக் கன்றுக்கு அது ஆகாது. அதற்குப் புண்ணாக்கு, பருப்புவகைத் தானியம் போன்ற உண்மையான புரதம்தான். பண்ணையில் கையிருப்பில் இருக்கும் மிக நல்ல உலர்புல்லை, லூசர்ன் (குதிரைமசால்) மாதிரியானதை, கன்றுக்கு ஒதுக்கிவிட்டு, சுமாரானதைத் தாய்க்குப் போட வேண்டும். தாய்க்கு இப்போது பால் சுரக்கும் வேலை இல்லை, சுமாரான புல்லிலேயே நின்றுகொள்ளும். கன்றைப் பிரித்ததால்தான் இப்படிப் பங்கு பிரிக்க முடிகிறது. ஒன்றாக இருந்தால் நல்ல புல்லைத் தாயே தின்றுவிடும்.

இனிப் பட்டி. பிரித்த முதல் ஐந்து முதல் பத்து நாள் கன்றுகளை உறுதியான வேலி போட்ட பட்டியில் வைப்பது ஆஸ்திரேலியப் பண்ணைகளில் நன்கு வேரூன்றிய முறை. கன்றுக்குச் சுமார் நான்கு சதுர மீட்டர் இடம். முதல் இரவு சத்தம் தாங்காது. உள்ளே கன்றுகள் தொண்டை கட்டும் வரை கத்தும், வெளியே தாய்மாடுகள் வேலியோரம் வந்து நின்று பதில் குரல் கொடுக்கும். கம்பிவேலி மட்டும் இருந்தால் முட்டி உடைத்துக்கொண்டு போய்விடும். மூன்றாம் நாள் சத்தம் பாதியாகக் குறையும். நான்காம் நாள் தாய்கள் ஒவ்வொன்றாக மேய்ச்சலுக்குத் திரும்பும், கன்றுகளும் தொட்டியில் தலை வைக்கத் தொடங்கும். இந்த நாட்களில் ஆள் ஒருவர் தினமும் பட்டிக்குள் மெதுவாக நடந்து போய் வர வேண்டும், கத்தாமல், விரட்டாமல். மனிதன், நாய், குதிரை, தீவன வண்டி எல்லாவற்றையும் பார்த்துப் பழகிய கன்று பிற்காலத்தில் லாரியில் ஏற்றும்போதும் கொழுக்க வைக்கும் பண்ணைக்குப் போகும்போதும் மிரளாது. பட்டியில் வைத்துப் பிரித்த கன்றுகளுக்குப் பின்னாளில் நுரையீரல் நோய் குறைவாக வருகிறது என்று அங்கே நடந்த ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

சில பண்ணைகளில் கன்றின் மூக்கில் ஒரு சிறிய பிளாஸ்டிக் தட்டை மாட்டிவிடுகிறார்கள். கன்று தாயோடுதான் இருக்கும், மேயலாம், தண்ணீர் குடிக்கலாம், மடியை மட்டும் பிடிக்க முடியாது. சில நாள் கழித்துத் தாயைப் பிரிக்கும்போது கத்தல் மிகக் குறைவு. சிறிய மந்தைக்கு இது எனக்குப் பிடித்த முறை. ஆனால் ஒவ்வொரு கன்றையும் இரண்டு முறை பிடிக்க வேண்டும், ஆயிரம் கன்று உள்ள இடத்தில் நடக்கிற காரியமில்லை.

பட்டியில் கன்று சாவதற்குப் பசி பெரிய காரணமாக இருப்பதில்லை. தூசு, நெரிசல், ஈரமான தரை, தண்ணீர்த் தொட்டியின் உயரம் போன்ற சில்லறை விஷயங்கள்தான் காரணம். ஓடைக்கரையில் குடித்துப் பழகிய கன்றுக்குத் தொட்டி என்றால் என்னவென்றே தெரியாது; முதல் நாள் மிதவையைத் தூக்கிவிட்டுத் தண்ணீர் விழும் ஓசை கேட்கும்படி விடுவார்கள். நெரிசலில் ரத்தக்கழிச்சல் பரவும். தூசில் கண்நோய் வரும். திடீரென்று தானியம் கூடினால் துள்ளுமாரி என்ற குடல்நச்சு நோய் வரும். அதனால் பிரிக்கும் முன்பே தடுப்பூசியின் முதல் தவணையைப் போட்டுவிட்டு, நான்கு முதல் ஆறு வாரத்தில் இரண்டாவதைப் போடுவார்கள். துள்ளுமாரி, சப்பை நோய், இசிவு நோய் உள்ளிட்ட ஐந்து நோய்களையும் ஒரே ஊசியில் தடுக்கும் மருந்து அங்கே சர்வசாதாரணம். கன்றுகளை அளவு பார்த்துப் பிரித்து வைப்பதும் முக்கியம். பெரிய கன்று தொட்டியை மறித்து நின்றால் சின்னது நாலு நாளில் ஓரத்தில் படுத்துவிடும்.

தாய்மாடுகளுக்கு என்ன போடுவது என்பது இடத்துக்கு இடம் மாறும். குவீன்ஸ்லாந்தின் தென்மேற்கில் முல்கா என்ற வேலமர இனம் காடாக நிற்கிறது. வறட்சி வந்தால் புல்டோசரால் சாய்த்தோ ரம்பத்தால் வெட்டியோ இலையை மாட்டுக்கு விடுவார்கள். துவர்ப்புச்சத்து அதிகம், பாஸ்பரசும் கந்தகமும் குறைவு. அதனால் தாது உப்போடு கொடுத்தால்தான் அதில் மாடு நிற்கும். கரும்பு விளையும் வடகிழக்குக் கரையிலிருந்து மொலாசஸ் என்ற சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு டேங்கர்களில் உள்நாட்டுக்குப் போகும். 100 கிலோ மொலாசஸில் 8 கிலோ யூரியா கலப்பது அங்கே நிலைத்துவிட்ட கலவை. அவ்வளவு யூரியா இருப்பதால் மாடு அளவோடுதான் நக்கும், காய்ந்த புல்லைச் செரிக்கவும் அது உதவும். ஆனால் யூரியா சரியாகக் கரையாமல் கட்டியாக நின்றாலோ, மழை பெய்து தொட்டியில் தேங்கிய தண்ணீரில் யூரியா இறங்கி மாடு அதைக் குடித்துவிட்டாலோ, தொட்டி ஓரத்திலேயே மாடுகள் விழும். காய்ந்த புல் கொஞ்சமாவது நிலத்தில் இருந்தால்தான் இந்த வழி. வெறும் மண்ணில் மொலாசஸ் வைத்துப் பயனில்லை.

பருத்தி விளையும் பகுதிகளுக்கு அருகில் பருத்திக்கொட்டை கிடைக்கும். நம் ஊர் மாட்டுக்காரர்களுக்கு அதைப்பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றல், புரதம், நார் மூன்றும் ஒரே பொருளில் இருப்பதால் வறட்சித் தீவனங்களில் அது மிக வசதியானது. கொழுப்பு அதிகம் என்பதால் மொத்தத் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. அதிலுள்ள காசிப்பால் என்ற நச்சு பெரிய மாட்டின் வயிற்றில் அடங்கிவிடும், இளங்கன்றை அது பாதிக்கும். பருத்தியின் இன்னொரு கழிவு பற்றி ஆஸ்திரேலியா மறக்காத ஒரு பாடம் உண்டு. 1994 வறட்சியில் வேறு வழியில்லாமல் ஜின்னிங் ஆலைக் கழிவை மாடுகளுக்குப் போட்டார்கள். செடிக்குத் தெளித்த குளோர்ஃப்ளுவாஸூரான் என்ற பூச்சிமருந்து மாட்டின் கொழுப்பில் போய்த் தங்கியது. அது இறைச்சியில் கண்டுபிடிக்கப்பட்டபோது ஏற்றுமதியே ஆட்டம் கண்டது, மாடுகளை விற்க முடியாமல் பண்ணையாளர்கள் நின்றார்கள். அன்றிலிருந்து தீவனம் விற்பவர் அதில் என்ன தெளிக்கப்பட்டது என்று எழுத்தில் தருவது வழக்கமாயிற்று.

தானியம் ஆற்றல் கணக்கில் பெரும்பாலும் மலிவு, லாரிச் செலவும் மிச்சம். ஒரு லாரிப் புல்லில் உள்ளதைவிட ஒரு லாரிக் கோதுமையிலோ பார்லியிலோ எவ்வளவோ அதிக ஆற்றல் இருக்கிறது. ஆனால் பசித்த மாட்டுக்குத் திடீரென்று தானியம் கொட்டினால் வயிற்றில் அமிலம் ஏறி ஒரே இரவில் இறந்துவிடும். அரைக் கிலோவில் தொடங்கி இரண்டு, மூன்று வாரத்தில் முழு அளவுக்குக் கொண்டுவர வேண்டும், கூடவே நார்த்தீவனமும் வேண்டும். பழகிய பெரிய மாடுகளுக்குத் தினமும் போட வேண்டிய அவசியமில்லை. இரண்டு, மூன்று நாள் பங்கைச் சேர்த்து ஒரே தடவையில் போடுவது நல்லது. குறைவாகப் போட்டால் வலுத்தவை ஐந்து நிமிடத்தில் காலி செய்துவிடும். நிறையப் போட்டால் அவை வயிறு நிரம்பி விலகிய பிறகு மெலிந்தவற்றுக்கும் மிஞ்சும். டீசலும் ஆள் நேரமும் மிச்சமாகும். கன்றுகளுக்கு மட்டும் இது கூடாது, தினமும்தான்.

காய்ந்து நிற்கும் சோளப்பயிரைப் பார்த்தால் மாட்டை அவிழ்த்துவிடத் தோன்றும். வாடிய சோளத்தில் சயனைடு நஞ்சும் நைட்ரேட்டும் ஏறியிருக்கும். பரிசோதிக்காமல் பசித்த மாட்டை விட்டால் மதியத்துக்குள் மந்தையில் பாதி கிடக்கும். பாஸ்பரஸ் பற்றாக்குறையால் மாடுகள் செத்துக் கிடக்கும் விலங்குகளின் எலும்பைக் கடிக்கத் தொடங்குவதும் வறட்சியில் காணும் காட்சி. அதிலிருந்து போட்டுலிசம் என்ற நச்சு நோய் வந்து கால்கள் மடங்கி விழும். வடக்கில் இதற்கும் தடுப்பூசி கட்டாயம் மாதிரிதான்.

அப்புறம் விற்பனை. கன்று பிரிக்கும் நாளில் தாய்மாடுகள் எல்லாமே பட்டிக்கு வந்திருக்கும். அன்றே சினைப் பரிசோதனை செய்துவிடுவது புத்திசாலித்தனம். சினையில்லாத பசுவுக்கு வறட்சியில் ஒரு நாள் தீவனம் போடுவதும் நஷ்டம், அது முதலில் போக வேண்டும். பல் தேய்ந்த கிழப் பசுக்கள் அடுத்து, விற்பனைக்கு வளர்க்கும் ஆண்கன்றுகள் அடுத்து. சினையில் உள்ள நடுவயதுப் பசுக்களும் நல்ல கிடாரிகளும் கடைசி வரை இருக்க வேண்டியவை. பல தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த மந்தையின் வித்து அவற்றில்தான் இருக்கிறது, மழைக்குப் பிறகு காசு கொடுத்தாலும் அதே மாட்டை வாங்க முடியாது.

விற்பதைத் தள்ளிப்போடுவதில் விலை சரிவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. எலும்பும் தோலுமான மாட்டை லாரியில் ஏற்றுவது ஆஸ்திரேலியச் சட்டப்படி குற்றம். பயணத்தைத் தாங்காத மாட்டைச் சந்தைக்கு அனுப்ப முடியாது. ஒரு மாதம் முன்பு குறைந்த விலைக்காவது போயிருக்கும் மாட்டை, ஒரு மாதம் கழித்துப் பண்ணையிலேயே சுட்டுக் கொல்ல வேண்டி வருகிறது. தானே வளர்த்த மாட்டை அப்படிச் செய்ய நேர்ந்தவர்களுக்கு அது பணக்கணக்கு இல்லை. அந்தப் பகுதிகளில் பண்ணையாளர்களின் மனநலத்துக்கென்று தனியாக ஆலோசகர்கள் ஊர் ஊராகப் போகிறார்கள் என்றால் காரணம் இதுபோன்ற காலை வேளைகள்தான்.

அதனால் அனுபவப்பட்டவர்கள் தேதி போட்டு வைத்துக்கொள்கிறார்கள். ஏப்ரல் கடைசிக்குள் 50 மில்லிமீட்டர் மழை இல்லையென்றால் கன்றுகளைப் பிரிப்பது, ஜூன் நடுவில் இன்னின்ன மாடுகளை விற்பது என்று மழை இருக்கும்போதே தாளில் எழுதி, குடும்பத்தோடு பேசி முடிவு செய்துவிடுவது. வறட்சி ஒரு குறிப்பிட்ட நாளில் தொடங்குவதில்லை என்பதுதான் இதன் நியாயம். அடுத்த வாரம் பெய்துவிடும் என்ற நம்பிக்கை ஒவ்வொரு வாரமும் நியாயமாகத்தான் தோன்றும். வெறும் நம்பிக்கையில் ஓட்டிய பண்ணைகளும் தேதி வைத்துச் செயல்பட்ட பண்ணைகளும் ஒரே மழையைத்தான் பெற்றன. ஆறாவது மாதத்தில் வேலியின் இரு பக்கமும் நின்று பார்த்தால் மாடுகளிலும் மண்ணிலும் வித்தியாசம் தெரியும்.

மண்ணைப்பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. மாட்டை நிலம் முழுக்கத் திரிய விட்டால் கடைசிப் புல்வேர் வரை கரண்டிவிடும், அதற்குமேல் காற்றடித்தால் மேல்மண்ணே பறந்துவிடும். 2009 செப்டம்பரில் சிட்னி நகரம் ஒரு காலையில் சிவப்பாக விடிந்தது. உள்நாட்டின் மண் லட்சக்கணக்கான டன் அளவில் கடலை நோக்கிப் போன நாள் அது. இப்போது பலர் ஒரு சிறிய வயலைப் பலிகொடுக்கத் தீர்மானித்து, மாடுகளை அங்கே அடைத்துத் தீவனம் போட்டு, மீதி நிலத்தைக் காப்பாற்றுகிறார்கள். மழை வந்ததும் அந்த மீதி நிலம்தான் முதலில் பச்சை பிடிக்கும்.

வேறு வழிகளும் உண்டு. மழை பெய்த பகுதியில் வாடகைக்கு மேய்ச்சல் நிலம் எடுத்து, வாரத்துக்கு ஒரு மாட்டுக்கு இவ்வளவு என்று கொடுக்கலாம். நியூ சவுத் வேல்சிலும் குவீன்ஸ்லாந்திலும் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே உள்ள அரசு மந்தைப் பாதைகளில் மாட்டை ஓட்டிக்கொண்டு போகலாம். நாளுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது நடை அனுமதியின் நிபந்தனை. 2018, 2019இல் அந்தப் பாதைகள் மந்தைகளால் நிரம்பின. அதிலும் கன்று கூடவே இருக்கும் தாய் நடையில் முதலில் தளர்கிறது. நல்ல ஆண்டுகளில் சைலேஜை, அதாவது பதப்படுத்திய பசுந்தீவனத்தை, பெரிய குழிகளில் புதைத்து வைப்பதும் உண்டு. காற்றுப் புகாமல் மூடினால் பத்து ஆண்டுக்கு மேலும் கெடாது. நல்ல ஆண்டின் வருமானத்தை வரிக்கு முன் வைப்பாகப் போட்டு, மோசமான ஆண்டில் எடுத்துக்கொள்ள அரசு ஒரு வைப்புத் திட்டமும் வைத்திருக்கிறது. எல்லாமே முன்கூட்டிச் செய்தால் மட்டும் உதவுபவை.

2019இல் ஆஸ்திரேலியாவில் வெட்டுக்குப் போன மாடுகளில் பாதிக்கும் மேல் பெண்மாடுகள். பெண்மாடுகளின் பங்கு 47 சதவீதத்தைத் தாண்டினாலே மந்தை சுருங்குகிறது என்று அந்தத் துறையில் கணக்கு வைத்திருக்கிறார்கள். 2013இல் சுமார் 2.9 கோடியாக இருந்த மாடுகள் 2020இல் 2.5 கோடிக்கும் கீழே இறங்கின. இளமாட்டு விலையைக் காட்டும் கிழக்குப் பகுதிக் குறியீடு 2019 மார்ச்சில் கிலோவுக்கு 400 சென்ட்டுக்கும் கீழே கிடந்தது. 2020 தொடக்கத்தில் மழை வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் மாடு தேடினார்கள். 2021 கடைசியில் அது 1,000 சென்ட்டைத் தாண்டியது. சினைப் பசுக்களைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் அந்த விலைக்கு மாடு வாங்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் பட்டியிலேயே கன்றுகள் பிறந்தன.

மழை பெய்த நாள் எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றும், அதுவும் ஆபத்தான நேரம்தான். 2019 பிப்ரவரியில் வடமேற்குக் குவீன்ஸ்லாந்தில், ஜூலியா க்ரீக், கிளான்கரி பக்கம், பல ஆண்டு வறட்சிக்குப் பிறகு மழை வந்தது. நாள் கணக்கில் நிற்காமல் குளிர்காற்றோடு பெய்தது. சுமார் 5 லட்சம் மாடுகள் இறந்தன. வெள்ளத்தில் மூழ்கியவை போக, உடம்பில் கொழுப்பே இல்லாததால் குளிரில் நின்ற இடத்திலேயே விறைத்தவை நிறைய. சாதாரண மழைக்குப் பிறகும் தீவனத்தை உடனே நிறுத்தக்கூடாது. புதுப்புல்லில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான். மாடு பச்சையைத் தேடி நாள் முழுக்க நடந்து, போட்ட உலர்புல்லைத் தொடாமல், இன்னும் மெலியும். அப்போதும் கொஞ்சம் உலர்புல் கிடைக்கும்படி மாட்டை அடைத்தே வைத்து, புல் விரற்கடை அளவைத் தாண்டி ஓங்கும்வரை மூன்று, நான்கு வாரம் பொறுக்க வேண்டும். கன்றுகளுக்கும் அதுவரை தொட்டித் தீவனம் தொடர வேண்டும். புல் முற்றியதும் முதலில் கன்றுகளை விட்டு, அவை மேய்ந்து முடித்த வயலில் பின்னால் தாய்களை விடுவார்கள்.